பனியனுக்குப் பின்னால் இருப்பவர்களைக் கணக்கெடுக்கப் போகிறீர்களா?

வெளிநாட்டுக் கடையில் தொங்கும் ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர் செலவானது, எவ்வளவு கரிப்புகை வெளியானது என்று கணக்குப் போட முறைகள் உண்டு. அதற்கான ஐஎஸ்ஓ 14040 தரநிலை 1997-லேயே வந்துவிட்டது. அதே டி-சர்ட்டால் யார் பிழைத்தார்கள், யார் நொந்துபோனார்கள் என்ற கணக்கு பிந்தித்தான் வந்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2009-ல் முதல் வழிகாட்டியை வெளியிட்டு 2020-ல் அதைத் திருத்தியது. 2024-ல் இந்தக் கணக்குக்கென ஐஎஸ்ஓ 14075 தரநிலை வந்தது. தொழிலாளர், உள்ளூர் மக்கள், நுகர்வோர், சமூகம், தொழில் தொடர்பில் உள்ள மற்ற நிறுவனங்கள், குழந்தைகள் என்று ஆறு தரப்பையும் பாருங்கள் என்கிறது அந்த 2020 வழிகாட்டி. விதையிலிருந்து குப்பைவரை பார்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

காகிதத்தில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒழுங்கு கலைந்துவிடும். கன்சல்டன்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆய்வு மாணவர்கள், கம்பெனியிலேயே 'சஸ்டெய்னபிலிட்டி' பொறுப்பு தலையில் கட்டப்பட்டவர்கள் என்று பலர் இப்போது இந்தக் கணக்கோடு வருகிறார்கள். இந்தப் பட்டியல் அவர்களுக்கு.

செய்ய வேண்டியவை

டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதியாளர் உங்களிடம் கொடுக்கும் படத்தில் ஐந்து கட்டங்கள் இருக்கும்: பஞ்சு, நூல், துணி, சாயம், தையல். நடப்பு அப்படி இல்லை. நூல் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போய், அங்கிருந்து காம்பாக்டிங்குக்குப் போகும். வெட்டிய பீஸ்களில் பாதி பிரிண்டிங்குக்கு, கொஞ்சம் எம்பிராய்டரிக்கு. ஷிப்மென்ட் நெருக்கினால் தையலில் ஒரு பகுதி வெளியே பவர் டேபிள்காரரிடம் போகும். கடைசியில் பிசிறு வெட்டும் வேலை ஏதோ ஒரு சந்தில், வீட்டுத் திண்ணையில் முடியும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் டெலிவரி சலான் போட்டாக வேண்டும். ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு அதன் சலான்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஐந்து கட்டம் பன்னிரண்டாகும். சலான் இல்லாமல் போன சரக்கும் உண்டு. அதை டெம்போ டிரைவரிடம் கேட்கலாம்.

பிரதான யூனிட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., குழந்தைகள் காப்பகம் எல்லாம் சுத்தமாக இருக்கலாம். சந்தில் பிசிறு வெட்டும் அம்மாவுக்கு அவர் எந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறார் என்பதே தெரியாது. உங்கள் ஆய்வின் எல்லைக்கோட்டை அவரையும் உள்ளே வைத்து வரையுங்கள். முடியவில்லையா, அவரை வெளியே விட்டீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வியை ஊர்ப் பேச்சில் கேளுங்கள். "வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஓவர்டைம்?" என்று கேட்டால் பலர் "இல்லைங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை. திருப்பூரில் வேலை நேரத்தை ஷிப்ட் கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணிநேரம் ஒன்றரை ஷிப்ட். பலருக்கு ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் வழக்கமான நாள். ஆகவே, "நேத்து எத்தனை ஷிப்ட் பாத்தீங்க? போன சனிக்கிழமை சம்பளத்துல எத்தனை ஷிப்ட் போட்டிருந்தாங்க?" என்று கேளுங்கள். ஒடியா, போஜ்புரி பேசும் தொழிலாளிக்கு சூப்பர்வைசரையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தால் அந்தப் பேட்டி வீண். வெளியிலிருந்து ஆள் கூட்டி வாருங்கள், செலவானால் ஆகட்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது இந்த ஊரில் பலர் மூட்டையைக் கட்டினார்கள். அந்தப் பயத்தை எந்தக் கேள்வித்தாளும் அளக்கவில்லை. கம்பெனி விடுதியில் தங்கி, தனியே கடைவீதிக்குப் போய்வர முடியாதவர்களிடம் 'சமூகத்தோடு உறவு எப்படி' என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்பதில் என்ன கிடைத்துவிடும்?

வேலையை விட்டுப் போனவர்களைத் தேடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது தெரிந்திருக்கும். பதின்ம வயதுப் பெண்களை மூன்று வருடத்துக்கு விடுதியோடு வேலைக்கு எடுப்பார்கள். முடித்தால் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார்கள். 2011-ல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் அதே நாட்டின் 'இந்தியா கமிட்டி' அமைப்பும் இதைப்பற்றி விரிவாக எழுதிய பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. அப்படியொரு ஆலைக்குள் நின்று சர்வே எடுத்தால் யார் கிடைப்பார்கள்? தாக்குப்பிடித்தவர்கள்தான். இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய், தொகையையும் இழந்த பெண் அந்த வளாகத்தில் இருக்க மாட்டாள். மற்றவர்களைவிட அவளிடம்தான் கேட்டாக வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் இப்படித்தான். மெல்ல மெல்லப் பல வருடங்களில் வரும். வரும்போது அவர் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இல்லை.

ஊருக்குத் திரும்பியவர்களைத் தேடுவது சிரமம்தான். திண்டுக்கல், தேனி, விருதுநகர்க் கிராமங்களில் அலைய வேண்டும். ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் போன் போட வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இந்த வரிதான். வெட்ட விடாதீர்கள். பதிலுக்கு, பளபளக்கும் டாஷ்போர்டை வெட்டச் சொல்லுங்கள்.

கூலியை எந்தக் கோலால் அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலி ஒன்று. அதிலும் பின்னலாடைக்கு ஒரு பட்டியல், தையலுக்கு வேறு பட்டியல். உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் கூலி ஒப்பந்தம் இரண்டாவது. குடும்பம் கௌரவமாக வாழப் போதுமான கூலி என்று ஆய்வாளர்கள் கணக்கிடுவது மூன்றாவது. ஒரே சம்பளச் சீட்டு முதல் கோலில் பச்சை விளக்காகவும், மூன்றாவது கோலில் சிவப்பு விளக்காகவும் எரியும். எதை எடுத்தீர்கள், ஏன் என்று எழுதாத மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவதே நேர்மை.

ஆற்றின் கீழ்ப்பக்கம் போங்கள். திருப்பூரின் நொய்யல் இந்த விஷயத்தில் பெரிய பாடம். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு உயர் நீதிமன்றம் 2006-ல் கொண்டுவந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது.

இதில் சமூகத் தாக்கத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? மூடுவதற்கு முன், தென்னையும் கிணறும் கெட்ட விவசாயிக்கு இழப்பு. மூடிய பின், வேலை போன பட்டறைத் தொழிலாளிக்கும், சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட முடியாமல் கடையைக் கட்டிய சின்னப் பட்டறைக்காரருக்கும் இழப்பு. சாயவேலை வேறு ஊர்களுக்கு நகர்ந்ததே, அங்கே உள்ளவர்களுக்கு? இன்று திருப்பூரின் சுத்திகரிப்பு முறை நாடு முழுக்கக் காட்டப்படும் முன்மாதிரி. அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்புக் கசடு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கிடங்குகளின் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். சுற்றுச்சூழல் கணக்கில் 'தீர்ந்தது' என்று எழுதிய வரி, சமூகக் கணக்கில் வேறொருவர் வீட்டு வாசலில் மறுபடி தொடங்கியிருக்கும்.

பஞ்சு எந்த வயலிலிருந்து வந்தது என்பதில், தெரிந்த தூரத்தோடு நில்லுங்கள். ஒரு பேல் 170 கிலோ. நூற்பாலையின் ப்ளோ ரூமில் பல பேல்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கலப்பார்கள். தரம் சீராக வர அதுதான் வழி. குஜராத் பஞ்சும் மகாராஷ்டிரப் பஞ்சும் தெலங்கானாப் பஞ்சும் அங்கே ஒன்றாகிவிடும். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலப்பின விதை எடுக்க, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டதும் பதிவான வரலாறு. உங்கள் டி-சர்ட்டுக்கும் அந்த வயலுக்கும் நேர்க்கோடு போட முடியாது. தொடர்பே இல்லை என்று கையைக் கழுவவும் முடியாது. 'இந்த மாவட்டங்களிலிருந்து வாங்கும் ஆலை, அங்கே இந்த ஆபத்துகள் உண்டு' என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் கற்பனை.

வாங்குபவரையும் கேள்வித்தாளுக்குள் கொண்டுவாருங்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கிய சரக்கைக்கூட வேண்டாம் என்றார்கள் பல பெரிய பிராண்டுகள். அந்த வாரச் சம்பளம் யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண நாளிலும் கதை அதுதான். சாம்பிளுக்கு ஒப்புதல் பத்து நாள் தாமதமாக வரும், ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. அந்தப் பத்து நாளைத் தையல்காரர்கள் ராத்திரியில் ஈடுகட்டுவார்கள். பிறகு அதே பிராண்ட் அனுப்பிய ஆள் வந்து, 'ஓவர்டைம் அதிகம்' என்று கம்பெனிக்கு மதிப்பெண் குறைப்பார். விலை எத்தனை வருடமாக உயரவில்லை, ஆர்டர் கொடுத்த பின் எத்தனை முறை மாற்றினார்கள், பணம் எத்தனை நாளில் வந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரே அந்த பிராண்டாக இருந்தால் இது தர்மசங்கடம்தான். அந்த ஏற்பாட்டையும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சட்டை தூக்கியெறியப்பட்ட பிறகும் தொடருங்கள். உடுத்தும் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பனியன் உடுத்தியவரை அப்படியொன்றும் படுத்துவதில்லை. அதற்கடுத்த கட்டம் வேறு. கானா நாட்டின் அக்ராவில் கந்தமாந்தோ சந்தை இருக்கிறது. வாரத்துக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பழைய உருப்படிகள் அங்கே வந்து இறங்குவதாக அங்கு பணியாற்றும் ஓஆர் ஃபவுண்டேஷன் மதிப்பிட்டிருக்கிறது. சுமார் 55 கிலோ பேலைத் தலையில் சுமந்து கடைக்குக் கடை கொண்டுபோகிறார்கள், நாட்டின் வடபகுதியிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். 'காயாயே' என்று அங்கே அவர்களுக்குப் பெயர். 2025 ஜனவரித் தொடக்கத்தில் தீப்பிடித்து அந்தச் சந்தையில் பெரும்பகுதி எரிந்துபோனது. பழைய துணி அவர்களுக்குச் சுமையா, பிழைப்பா? இரண்டும்தான். 'மறுபயன்பாடு' என்று ஒரு பச்சை டிக் போட்டுவிட்டு நகர்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

தேதி போடுங்கள். எந்த மாதம் போனீர்கள், சீசனா, ஆர்டர் இல்லாத காலமா என்று எழுதுங்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில் எல்லாக் கம்பெனியிலும் வேலை நேரம் எட்டு மணிநேரம்தான்.

செய்யக்கூடாதவை

சான்றிதழை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்திலிருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. விரிசலை முதல் நாளே தொழிலாளர்கள் பார்த்தார்கள்; கேட்க யாரும் இல்லை. பஞ்சுச் சான்றிதழும் விலக்கில்லை. இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி ஆர்கானிக் சான்றுகள் உலவியதை, ஆர்கானிக் துணிக்கான தரத்தை வகுக்கும் காட்ஸ் அமைப்பே 2020-ல் கண்டுபிடித்து அறிவித்தது. சான்றிதழ் என்பது கேள்வி கேட்கத் தொடங்கும் இடம். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுப் போகும் ஆடிட்டுக்குக் கழிவறையில் புது சோப்பு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக்க வேண்டாம். உள்ளகப் புகார்க் குழுவின் பதிவேட்டில் பாலியல் துன்புறுத்தல் புகார் ஒன்றும் இல்லை. 'தாக்கம் இல்லை' என்று எழுதிவிடலாமா? 2013-ல் சட்டம் வந்து இத்தனை வருடத்தில் ஒரு புகாரும் வராத, ஆயிரம் பெண்கள் வேலை செய்யும் கம்பெனி என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆலையில் வேலைபார்த்த பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகுதான், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் பன்னாட்டு பிராண்டுகளும் உற்பத்தியாளரும் சேர்ந்து 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டார்கள். தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார்கள் வெளியே வரத் தொடங்கின. புகார் எண்ணிக்கை உயர்ந்ததைப் பார்த்து உங்கள் மென்பொருள் அந்த ஆலைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், கோளாறு மென்பொருளில். தெரியாததைத் 'தெரியாது' என்று எழுதத் தனி நிறம் வைத்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளம் சொன்னதைக் கண்டுபிடிப்பாக எழுத வேண்டாம். சோஷியல் ஹாட்ஸ்பாட்ஸ், பிசில்கா போன்றவை நாடு, துறை வாரியாக ஆபத்து அளவைச் சொல்லும். எங்கே தோண்டலாம் என்று காட்டுவதற்கு நல்ல கருவிகள். முதலாவதற்கு அடிப்படையான ஜிடேப் மாதிரியில் துணி ஒரு துறை, உடை ஒரு துறை. லூதியானாக் கம்பளியும் திருப்பூர் பனியனும் ஒரே 'இந்தியா' வரியில் வந்துவிடும். நல்ல முதலாளிக்கும் மோசமான முதலாளிக்கும் ஒரே மார்க்.

மனித-மணிநேரத்தை மட்டும் வைத்து எடை போட வேண்டாம். இந்தச் சமூகக் கணக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை மணிநேர உழைப்பு என்று பார்த்து எடை கொடுப்பது வழக்கம். தையலில் கை அதிகம், ஆகவே எடை அதிகம். சாயப்பட்டறையில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு, எடையும் குறையும். நொய்யலின் கீழ்ப்பக்க விவசாயி பட்டறையில் ஒரு மணிநேரமும் வேலை செய்யவில்லையே! அவர் கணக்கில் தானாகவே சிறுத்துப்போவார்.

கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்து சம்பாதிக்கத் தொடங்கிய லட்சக்கணக்கான பெண்களுக்கு இந்தத் தொழில் கொடுத்தது பெரியது. தங்கையைப் படிக்க வைத்தவர்கள், சீட்டுப் போட்டு இடம் வாங்கியவர்கள் எல்லோரும் இங்கே உண்டு. அதை எழுதாத அறிக்கையும் அரைகுறைதான். ஆனால் ஒருத்தியின் சேமிப்பைக் கொண்டு இன்னொருத்தியின் நுரையீரலை ஈடுகட்ட முடியாது. கரிப்புகையில் ஒரு டன்னுக்கு ஒரு டன் கழிக்கலாம். இங்கே தனித்தனி வரியாகவே விடுங்கள். மேலாளர் ஒரே ஸ்கோர் கேட்பார், கொடுக்காதீர்கள்.

குறை கண்டதும் ஆர்டரை வேறிடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில், குழந்தை உழைப்பில் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் ஹார்கின் மசோதா பேசப்பட்டதற்கே பயந்து வங்கதேச ஆடை ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வேலையிலிருந்து நிறுத்தின என்று யுனிசெஃப் எழுதியிருக்கிறது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கவும் அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். 1995-ல் ஆலை உரிமையாளர் சங்கம், ஐ.எல்.ஓ., யுனிசெஃப் மூன்றும் உட்கார்ந்து, பள்ளியையும் உதவித்தொகையையும் சேர்த்து ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. உங்கள் பரிந்துரையும் ஒரு தாக்கம்தான், அதையும் மதிப்பிடுங்கள்.

பேசியவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். பெயர், படம், அடையாள அட்டை எதுவும் வேண்டாம். 'ஓவர்லாக் பிரிவில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண்' என்று எழுதினால்கூட, அந்தக் கம்பெனியில் அப்படி ஒரே ஒருவர் இருந்தால் திங்கட்கிழமை அவருக்கு வேலை இருக்காது.

இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டு விளம்பரம் செய்ய விட வேண்டாம். ஒன்றில் விடுதிவரை போய்ப் பார்த்தீர்கள், மற்றொன்றுக்குத் தரவுத்தளம் மட்டும். ஆழம் வேறு வேறு. அதிகம் தோண்டிய இடத்தில்தான் அதிகக் குறை தெரியும்.

அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் பூட்டி வைக்க வேண்டாம். தமிழில், இந்தியில், ஒடியாவில் நான்கு பக்கச் சுருக்கம் போடுங்கள். யார் பேசினார் என்பது தெரியாதபடி எழுதி, சங்க அலுவலகத்திலும் விடுதியிலும் கொடுங்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, "இது தப்புங்க, எங்க கம்பெனில இப்படி இல்ல" என்று யாராவது சொன்னால் திருத்திவிட்டு, அதன்பிறகு பிராண்டுக்கு அனுப்புங்கள்.